மூலக்கூறுகளுக்கு இடையேயான மெல்லிய ஈர்ப்பு விசைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களும் நீட் எழுதப்போகிறவர்களும் இந்தப் பகுதியில் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பாடநூல் வரிசை இதில் இல்லை. ஒரு கேள்வி அடுத்த கேள்வியைக் கிளப்பும் வரிசையில் போகிறது. வெப்பநிலைகள் செல்சியஸில்; கொதிநிலைகள் வழக்கமான வளிமண்டல அழுத்தத்தில்.

மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்பதற்கு என்ன சான்று?

வாயு திரவமாகிறதே, அதுதான். ஈர்ப்பே இல்லாத வாயுவைக் குளிர்வித்தால் மூலக்கூறுகளின் வேகம் குறையும், கனஅளவு சுருங்கும், அவ்வளவுதான். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் எல்லாம் ஒன்றுகூடி, மேற்பரப்புள்ள ஒரு திரவமாகத் தேங்க வேண்டிய அவசியமே இருக்காது. ஆனால் நாம் அறிந்த வாயுக்கள் எல்லாமே போதிய அளவு குளிர்வித்தால் திரவமாகின்றன. எதனுடனும் சேராத ஹீலியம்கூட −269 டிகிரியில் திரவமாகிவிடுகிறது.

இது நியூட்டன் சொன்ன புவியீர்ப்பு மாதிரியான விசையா?

இல்லை. மூலக்கூறுகளின் நிறைக்கு அந்த விசை கணக்கில் எடுக்கவே முடியாத அளவுக்குச் சிறியது. நாம் பேசுவது முழுக்க மின்விசை. கருவின் நேர்மின்சுமையும் எலக்ட்ரான்களின் எதிர்மின்சுமையும் மொத்தத்தில் சமமாக இருந்தாலும், அவை இடத்தால் பிரிந்திருக்கின்றன. அந்தப் பிரிவினால் வரும் மிச்ச ஈர்ப்புதான் இது.

தண்ணீர் கொதிக்கும்போது எந்தப் பிணைப்பு உடைகிறது?

பாதி வகுப்பாவது "ஆக்ஸிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு" என்று எழுதும். அது உடைந்தால் அடுப்பிலிருந்து வருவது நீராவியாக இருக்காது; ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாக இருக்கும், சமையலறை தாங்காது.

எண்களைப் பாருங்கள். 18 கிராம் நீரை, அதாவது ஒரு மோலை, 100 டிகிரியில் ஆவியாக்க 40.7 கிலோஜூல் போதும். அதே ஒரு மோலில் உள்ள எல்லா ஆக்ஸிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகளையும் அறுத்துத் தனி அணுக்களாக்க ஏறக்குறைய 926 கிலோஜூல் வேண்டும். இருபது மடங்குக்கும் மேல். கொதிக்கும்போது விலகுவது மூலக்கூறும் மூலக்கூறும்தான். மூலக்கூறு முழுசாகவே வெளியேறுகிறது. கொதிநிலை, ஆவியாதல் வெப்பம், பரப்பு இழுவிசை, பாகுநிலை என்று எதைப் பற்றிக் கேட்டாலும் பேச்சு மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள விசையைப் பற்றியது. இந்த ஒரு கோட்டை மனதில் தெளிவாகப் போட்டுக்கொண்டால் இந்தப் பாடத்தில் பாதிக் குழப்பம் போய்விடும்.

வாண்டர் வால்ஸ் என்பவர் யார்? அவருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இந்த விசைகளுக்குப் பெயர் வரக் காரணமான யோஹன்னஸ் டிடரிக் வாண்டர் வால்ஸ், 1837-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஒரு தச்சருக்கு மூத்த மகனாகப் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே படித்தார். லத்தீனும் கிரேக்கமும் படிக்காதவர் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியாது என்று அன்று அங்கே விதி இருந்தது. அது தளர்த்தப்பட்ட பிறகுதான் அவரால் மேலே போக முடிந்தது. 1873-இல், 35 வயதில், வாயு நிலைக்கும் திரவ நிலைக்கும் இடையிலான தொடர்ச்சி பற்றி டச்சு மொழியில் ஆய்வேடு எழுதினார். அதைப் படித்த இயற்பியலாளர் மேக்ஸ்வெல், இதற்காகவே பலர் டச்சு கற்கத் தொடங்கியிருப்பார்கள் என்ற பொருளில் எழுதினார். 1910-இல் இயற்பியல் நோபல் பரிசு வந்தது.

மூலக்கூறுகள் உண்மையில் இருக்கின்றனவா, அல்லது கணக்குக்கு வசதியான கற்பனையா என்று பெரியவர்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்போது அவர், மூலக்கூறுக்குப் பருமன் உண்டு, ஒன்றையொன்று ஈர்க்கவும் செய்யும் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார். ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அவர் விளக்கவில்லை. எலக்ட்ரானே 1897-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அவர் விளக்கியிருக்கவும் முடியாது.

வாயுவின் அழுத்தம், கனஅளவு, வெப்பநிலையை இணைக்கும் அவர் சமன்பாட்டில் வரும் 'ஏ', 'பி' மாறிலிகள் எதைச் சொல்கின்றன?

'பி' மூலக்கூறுகள் அடைத்துக்கொள்ளும் இடம். 'ஏ' ஈர்ப்பின் அளவு. லிட்டர், பார், மோல் அலகுகளில் 'ஏ'-யின் மதிப்பு ஹீலியத்துக்கு 0.035, நைட்ரஜனுக்கு 1.37, கார்பன் டை ஆக்ஸைடுக்கு சுமார் 3.6, அம்மோனியாவுக்கு 4.2, நீருக்கு 5.5.

இத்தோடு நிறுத்தினால் எல்லாம் அழகாக இருக்கும். ஆனால் சமையல் எரிவாயுவில் உள்ள பியூட்டேனுக்கு 'ஏ' சுமார் 14. நீரைவிட இரண்டரை மடங்கு! பிறகு ஏன் பியூட்டேன் −0.5 டிகிரியிலேயே கொதிக்கிறது? காரணம், பியூட்டேன் பெரிய மூலக்கூறு. அதன் 'பி' நீரினுடையதைப் போல நான்கு மடங்கு. நீரின் ஈர்ப்பு ஒரு சிறிய உருவத்துக்குள் குவிந்திருக்கிறது. பியூட்டேனின் ஈர்ப்பு பெரிய உருவத்தில் பரவியிருக்கிறது. ஆகவே பார்க்க வேண்டியது 'ஏ'-யை 'பி'-யால் வகுத்து வரும் ஈவை. நீருக்கு அது சுமார் 180, பியூட்டேனுக்கு சுமார் 120. இந்த ஈவின் விகிதமும் அவற்றின் நிலைமாறு வெப்பநிலைகளின் (விளக்கம் அடுத்த கேள்வியில்) விகிதமும் (647 கெல்வின், 425 கெல்வின்) கிட்டத்தட்ட ஒன்றே. 'ஏ'-யை மட்டும் வைத்து வாயுக்களை வரிசைப்படுத்தச் சொல்லும் கேள்விகளை நான் ரசிப்பதில்லை. ஆனால் தேர்வில் வரும், எழுதிவிடுங்கள்.

எல்பிஜி சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது, ஆட்டோவில் போடும் சிஎன்ஜி ஏன் வாயுவாகவே இருக்கிறது?

நல்ல கேள்வி, விடை நிலைமாறு வெப்பநிலையில் இருக்கிறது. அதற்கு மேலே எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாது. அழுத்தத்தால் மூலக்கூறுகளைப் பக்கத்தில் கொண்டுவரலாம். ஆனால் அவற்றின் வேகம் ஈர்ப்பை மிஞ்சி நின்றால் பக்கத்தில் வந்தும் பயனில்லை. சிஎன்ஜியில் பெரும்பங்கான மீத்தேனுக்கு இந்த எல்லை −83 டிகிரி. எனவே நம் ஊர் வெப்பத்தில் அதைத் திரவமாக்க வழியே இல்லை. ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் வாயுவாகவே அடைக்கிறார்கள். புரோப்பேனும் பியூட்டேனும் நீளமான மூலக்கூறுகள், ஈர்ப்பு கூடுதல், எல்லையும் 96 டிகிரிக்கு மேல். ஆகவே அதிகம் போனால் வளிமண்டலத்தைப் போல பத்து மடங்கு அழுத்தமே அவற்றைத் திரவமாக வைத்திருக்கப் போதும்.

இந்த எல்லையைத் தெளிவாக அளந்து காட்டியவர் தாமஸ் ஆண்ட்ரூஸ், 1869-இல், கார்பன் டை ஆக்ஸைடை வைத்து. அதற்கு எல்லை 31 டிகிரி. மே மாதச் சென்னையில் சுவரில் தொங்கும் கார்பன் டை ஆக்ஸைடு தீயணைப்பான் அந்த எல்லையைத் தாண்டிவிடும். அப்போது உள்ளே இருப்பதைத் திரவம் என்றும் சொல்ல முடியாது, சாதாரண வாயு என்றும் சொல்ல முடியாது.

வாண்டர் வால்ஸ் விசைகள் எத்தனை வகை?

மூன்று. நிரந்தர இருமுனை உள்ள, அதாவது ஒரு முனை சற்றே நேர்மின்சுமையும் மறுமுனை சற்றே எதிர்மின்சுமையும் கொண்ட, இரு மூலக்கூறுகளுக்கு இடையே வருவதை வில்லெம் கீசம் கணக்கிட்டார். ஓர் இருமுனை, பக்கத்திலுள்ள முனைவற்ற மூலக்கூறின் எலக்ட்ரான் மேகத்தை இழுத்து அதையும் தற்காலிக இருமுனையாக்கும். இதைச் சொன்னவர் பீட்டர் டிபை. இரண்டுமே முனைவற்றவையாக இருந்தும் வரும் மூன்றாவது, ஃபிரிட்ஸ் லண்டனின் பெயரில் லண்டன் விசை எனப்படுகிறது.

டிபை விசை பெரும்பாலும் ஓரமாகவே நிற்கிறது. மற்ற இரண்டின் அளவுக்கு அது வளர்வது அரிது. பாடநூலில் மூன்றுக்கும் சமமாக ஒரு பத்தி ஒதுக்கியிருப்பதைப் பார்த்து மூன்றும் சமம் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆர்கானில் இருமுனையே கிடையாது. அது எப்படித் தன் இனத்தை ஈர்க்கிறது?

இதுதான் இந்தப் பாடத்தின் மையக் கேள்வி. 1873-இலிருந்து 1930 வரை இதற்குச் சரியான விடை இல்லை.

ஆர்கான் அணுவின் எலக்ட்ரான் மேகம் சராசரியாகப் பார்த்தால் முழுக் கோளம். ஆனால் சராசரி என்பது வேறு, ஒரு கணம் என்பது வேறு. ஏதோ ஒரு கணத்தில் எலக்ட்ரான்கள் ஒரு பக்கம் சற்றே மிகுந்திருக்கும். அந்தக் கணத்துக்கு அது ஓர் இருமுனை. அடுத்த கணம் திசை மாறும். இந்தக் கண நேர இருமுனைகள் தத்தம் போக்கில் அலைந்தால் ஈர்ப்பும் விலக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிச்சம் எதுவும் இருக்காது. ஆனால் அவை தத்தம் போக்கில் அலைவதில்லை. கோலாட்டத்தில் எதிரெதிரே நிற்கும் இருவரின் கோல்கள் தாளத்தில் இணைந்து அசைவதுபோல, பக்கத்துப் பக்கத்து அணுக்களின் எலக்ட்ரான் அசைவுகளும் ஒன்றுக்கொன்று இயைந்து போகின்றன: இங்கே வலப்பக்கம் மிகுந்தால் அங்கேயும் வலப்பக்கம் மிகும் வாய்ப்பு கூடுதல். அப்போது ஒன்றின் எதிர்முனைக்கு எதிரே மற்றதன் நேர்முனை அமைகிறது. ஒவ்வொரு கணமும் திசை மாறினாலும் இயைபு மாறாததால், விளைவு எப்போதும் ஈர்ப்பே.

இதைக் குவாண்டம் இயக்கவியல் கொண்டு ராபர்ட் ஐசன்ஷிட்ஸுடன் சேர்ந்து 1930-இல் நிறுவினார் லண்டன். மூன்று ஆண்டுகளுக்கு முன், 1927-இல், ஹைட்ரஜன் மூலக்கூறின் சகப்பிணைப்பை வால்டர் ஹைட்லருடன் விளக்கியவரும் இவரே. வலிமையான பிணைப்பையும் மெல்லிய ஈர்ப்பையும் ஒரே ஆள், ஒரே கருவியைக் கொண்டு விளக்கியிருக்கிறார் என்பது பாடநூல்களில் வராதது எனக்குக் குறையாகவே படுகிறது. யூதர் என்பதால் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் அவர் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது.

தூரம் கூடினால் இந்த விசை எப்படிக் குறைகிறது?

இரண்டு மூலக்கூறுகளுக்கு இடையேயான ஈர்ப்பு ஆற்றல், தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். தூரம் இரு மடங்கானால் ஆற்றல் 64-இல் ஒரு பங்காகிவிடும். ஒப்பிட, இரு அயனிகளுக்கு இடையே பாதியாகத்தான் குறையும். ஆகவே வாண்டர் வால்ஸ் விசை என்பது தொட்டுக்கொண்டிருப்பவர்களுக்கான சமாசாரம். அதனால்தான் மூலக்கூறின் வடிவம் இதில் இவ்வளவு முக்கியமாகிறது. அதைக் கீழே பார்ப்போம்.

இன்னும் தொலைவு போனால் ஆறாம் அடுக்கு ஏழாம் அடுக்காகிவிடும் என்று 1948-இல் ஹென்ட்ரிக் காசிமிரும் டிர்க் போல்டரும் காட்டினார்கள். ஓர் அணுவின் அசைவு பற்றிய செய்தி ஒளியின் வேகத்தில்தான் மற்றதைச் சேரும். அது சேர்வதற்குள் முதல் அணு வேறு பக்கம் திரும்பியிருக்கும், இயைபு தளர்ந்துவிடும். இது தேர்வுக்கு வேண்டாம்.

ஹைட்ரஜன் குளோரைடுக்கே இருமுனை அதிகம். ஹைட்ரஜன் அயோடைடின் கொதிநிலை ஏன் அதைவிட உயர்வு?

முனைவுத் தன்மைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற எண்ணத்தை உடைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. குளோரைடு, புரோமைடு, அயோடைடு என்று போகையில் இருமுனைத் திருப்புத்திறன் டிபை என்ற அலகில் ஏறக்குறைய 1.1, 0.8, 0.4 என்று இறங்குகிறது. கொதிநிலையோ −85, −67, −35 என்று ஏறுகிறது.

அயோடினின் எலக்ட்ரான் மேகம் பெரியது, தளர்வானது, எளிதில் நெளியும். இந்த நெளிவுத்தன்மைதான் முனைவாகுதிறன். அது கூடக்கூட லண்டன் விசை கூடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஹைட்ரஜன் குளோரைடிலேயே மூலக்கூறுகளின் ஈர்ப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு லண்டன் விசையால் வருவது. அயோடைடில் அநேகமாக முழுவதுமே அதுதான். நீர்தான் விதிவிலக்கு. அங்கே நிரந்தர இருமுனையின் பங்கு முக்கால்வாசி.

என் கருத்தில் நம் பாடநூல்கள் இருமுனைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புக்கும் கொடுக்கும் இடத்தில் பாதியைக்கூட லண்டன் விசைக்குக் கொடுப்பதில்லை. அதைக் கடைசியில் ஒரு வரியில் "மிக வலிமை குறைந்தது" என்று சொல்லி முடிக்கிறார்கள். இரண்டு மீத்தேன் மூலக்கூறுகளுக்கு அது சரி. மெழுகுக்கும் அயோடினுக்கும் சரியில்லை. அறை வெப்பநிலையில் அயோடின் திண்மமாக இருப்பது லண்டன் விசையால்தான். உருகவே 114 டிகிரி வேண்டும்.

மூலக்கூறு நிறை கூடினால் கொதிநிலை கூடும் என்று எழுதலாமா?

விடை சரியாக அமைந்துவிடும், காரணம் தவறாக இருக்கும். நிறை கூடும்போது பொதுவாக எலக்ட்ரான்களும் மேற்பரப்பும் கூடுகின்றன. வேலை செய்வது அவைதான். நிறையை மட்டும் நம்பினால் எங்கே சறுக்கும் என்று பாருங்கள். சல்பர் ஹெக்சாஃபுளூரைடின் மோலார் நிறை 146. அது −64 டிகிரியிலேயே பதங்கமாகிறது. டெக்கேனின் நிறை 142. அது கொதிக்க 174 டிகிரி வேண்டும். இன்னொன்று: ஹெக்சேனின் (86) எல்லா ஹைட்ரஜனையும் ஃபுளூரினாக மாற்றினால் நிறை 338 ஆகிறது, நான்கு மடங்கு. கொதிநிலை 69-இலிருந்து 57-க்கு இறங்குகிறது!

ஃபுளூரின் தன் எலக்ட்ரான்களை இறுக்கிப் பிடித்துக்கொள்வது, மேகம் நெளியாது. டெஃப்ளான் பூசிய தோசைக்கல்லில் மாவு ஒட்டாததற்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

ஒரே வாய்பாடு உள்ள பென்டேன் மாற்றியங்களுக்கு ஏன் வேறு வேறு கொதிநிலை?

தொடும் பரப்பு வேறு. நேர்ச்சங்கிலிப் பென்டேன் 36 டிகிரியில் கொதிக்கிறது, ஒரு கிளை உள்ள ஐசோபென்டேன் 28-இல், பந்துபோல் உருண்ட நியோபென்டேன் 9.5-இல். நீளமானவை பக்கவாட்டில் முழுக்க ஒட்டிப் படுக்கலாம். உருண்டையானவை ஒரு புள்ளியில்தான் தொடும்.

உருகுநிலையில் கதை தலைகீழ். நியோபென்டேன் −17 டிகிரி வரை உருகாது. நேர்ச்சங்கிலிப் பென்டேன் −130-இலேயே உருகிவிடும். சீரான உருண்டை படிகத்துக்குள் எளிதில் நெருங்கி அடுக்காக அமையும், திரும்பிக்கொண்டே இருந்தாலும் இடம் மாறாது. கொதிநிலைக்குச் சொன்ன காரணத்தை உருகுநிலைக்கு அப்படியே ஒட்டுவது மிகப் பரவலான தவறு.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் ஏன் உறைவதில்லை?

இதுவும் மூலக்கூறுகள் அடுக்காக அமைவதைப் பொறுத்ததுதான். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றவை, அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். வளைவில்லாத நேர்ச்சங்கிலிகள் நெருங்கிப் படுத்து ஒன்றையொன்று முழு நீளத்துக்கும் ஈர்க்கின்றன. 24 டிகிரி அளவில் எண்ணெய் உறைந்துவிடும். நல்லெண்ணெயில் மிகுதியாக இருப்பவை ஒலியிக், லினோலியிக் அமிலங்கள். அவற்றின் இரட்டைப் பிணைப்பு சங்கிலியை நடுவில் ஒடித்து வளைக்கிறது. வளைந்தவை நெருங்க முடியாது.

ஒரே நீளம், 18 கார்பன். நேராக இருக்கும் ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரியில் உருகுகிறது, வளைந்த ஒலியிக் அமிலம் 13 டிகிரியில். அதே ஒலியிக் அமிலத்தை வளைவு நிமிரும்படி எதிர்ப்பக்க (டிரான்ஸ்) வடிவமாக்கினால் 45 டிகிரி பக்கம் போய்விடும். வனஸ்பதியை எண்ணெயிலிருந்து செய்ததன் சூட்சுமமும் இதுதான், அதில் டிரான்ஸ் கொழுப்பு வந்து சேர்ந்த வழியும் இதுதான்.

ஹைட்ரஜன் பிணைப்பு வாண்டர் வால்ஸ் விசையில் சேருமா?

வழக்கமாகச் சேர்ப்பதில்லை; தனியாகவே வைக்கிறோம். காரணம், அதற்குத் திசை உண்டு. ஆக்ஸிஜன், நைட்ரஜன், ஃபுளூரின் போன்ற எலக்ட்ரான் கவர்திறன் மிக்க அணுவோடு இணைந்த ஹைட்ரஜன், எதிரே உள்ள தனித்த எலக்ட்ரான் ஜோடியை நோக்கி ஏறக்குறைய நேர்கோட்டில் நிற்கும். ஆற்றலும் கூடுதல்: மோலுக்குப் பொதுவாக 10 முதல் 40 கிலோஜூல், நீரில் 20-ஐ ஒட்டி.

இதன் பலத்தை பதினாறாம் தொகுதித் தனிமங்களின் ஹைட்ரைடுகள் காட்டும். டெலூரியம் −2, செலினியம் −41, சல்பர் −60 என்று இறங்கிவரும் கோட்டை நீட்டினால் நீர் −70, −80 அருகே கொதிக்க வேண்டும். கொதிப்பதோ 100-இல்.

இன்று ஹைட்ரஜன் பிணைப்பை வெறும் மின்னிலை ஈர்ப்பு என்று மட்டும் சொல்வதில்லை. அதன் அதிகாரபூர்வ வரையறை 2011-இல் மாற்றி எழுதப்பட்டது. அந்தப் பன்னாட்டுக் குழுவை வழிநடத்தியவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இ. அருணன். மின்னிலை ஈர்ப்பு, எலக்ட்ரான் பகிர்வு, லண்டன் விசை மூன்றுக்குமே அதில் பங்குண்டு என்று புதிய வரையறை ஏற்கிறது.

ஃபுளூரினுக்குத்தான் கவர்திறன் அதிகம். ஹைட்ரஜன் ஃபுளூரைடு நீரைவிடக் குறைந்த வெப்பத்தில் கொதிப்பது ஏன்?

எண்ணிக்கை. தனித்தனியாகப் பார்த்தால் ஹைட்ரஜன் ஃபுளூரைடின் பிணைப்பே வலுவானது. ஆனால் அதனிடம் கொடுக்க ஒரே ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது. சங்கிலியாகக் கோத்துக்கொள்ளலாம், வலையாகப் பின்ன முடியாது. நீரில் இரண்டு ஹைட்ரஜன், இரண்டு தனி ஜோடி. ஒரு மூலக்கூறு நான்கு பேரைப் பிடிக்கும். 20 டிகிரிக்கும் 100 டிகிரிக்கும் உள்ள வேறுபாடு அதில் இருக்கிறது.

ஆர்த்தோ நைட்ரோஃபீனாலை மட்டும் ஏன் நீராவியால் வாலைவடிக்க முடிகிறது?

அதில் ஹைட்ராக்சில் தொகுதியும் நைட்ரோ தொகுதியும் அடுத்தடுத்து இருப்பதால் மூலக்கூறு தன் ஹைட்ரஜன் பிணைப்பைத் தனக்குள்ளேயே முடித்துக்கொள்கிறது. பாரா நைட்ரோஃபீனாலில் அவை எதிரெதிர் முனையில். அக்கம்பக்கத்து மூலக்கூறுகளோடுதான் பிணைய முடியும். ஆகவே ஆர்த்தோ எளிதில் ஆவியாகி நீராவியோடு வந்துவிடும், பாரா வராது. உருகுநிலை முறையே 45, 114 டிகிரி.

சுவரில் பல்லி ஒட்டியிருப்பது இந்த விசையாலா? அதன் காலில் பசையோ உறிஞ்சு குழியோ இல்லையா?

இரண்டும் இல்லை. பல்லியின் பாதத்தில் மிக நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. ஆய்வுகள் பெரும்பாலும் நடந்தது தென்கிழக்கு ஆசியாவிலும் வடகிழக்கு இந்தியாவிலும் வாழும் டோக்கே என்ற பெரிய பல்லியில். அதன் ஒரு பாதத்தில் சுமார் 5 லட்சம் மயிர். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளம். நுனியில் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து தட்டையாக முடிகிறது. சுவர் எவ்வளவு சொரசொரப்பாக இருந்தாலும் இந்த நுனிகள் அதன் மேடுபள்ளத்தில் இறங்கி அணுக்களை அணுக்களோடு நெருங்கவைக்கின்றன. நெருங்கிவிட்டால் வாண்டர் வால்ஸ் விசை தானே வேலை செய்யும்.

கெல்லர் ஆட்டம் என்ற அமெரிக்க உயிரியலாளரின் குழு 2000-இல் ஒற்றை மயிரின் பிடியை அளந்தது: சுமார் 200 மைக்ரோநியூட்டன். பெருக்கிப் பாருங்கள். எல்லா மயிரும் ஒரே நேரத்தில் முழுமையாக ஒட்டினால் ஒரு பாதமே 100 நியூட்டன், அதாவது 10 கிலோ எடையைத் தாங்கும். பல்லியின் எடையோ சில நூறு கிராமைத் தாண்டாது. உண்மையில் மிகச் சில மயிர்களே ஒரு நேரத்தில் ஒட்டுகின்றன.

2002-இல் அதே குழு, நீரை விலக்கும் பரப்பிலும் நீரை ஈர்க்கும் பரப்பிலும் பிடி ஒரே அளவில் இருப்பதைக் காட்டி, இது ஈரத்தின் ஒட்டுதல் அல்ல என்று வாதிட்டது. ஈரப்பதம் கூடினால் பிடி கூடுகிறது என்று பிறகு வந்த சோதனைகள் சொன்னதால் விவாதம் அத்தோடு முடியவில்லை. ஆனால் முதன்மைக் காரணம் வாண்டர் வால்ஸ் விசை என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். உலர்ந்த டெஃப்ளானில் பல்லி வழுக்கும்.

இவ்வளவு பிடி இருந்தால் பல்லி காலை எப்படி எடுக்கிறது?

மயிருக்கும் சுவருக்கும் உள்ள கோணத்தை மாற்றி. ஏறக்குறைய 30 டிகிரியைத் தாண்டினால் மயிர் தானாகக் கழன்றுவிடும். அதனால்தான் பல்லி விரல்களை நுனியிலிருந்து உரித்தெடுப்பதுபோல் மேல்நோக்கிச் சுருட்டுகிறது.

ஈர்ப்பு மட்டும் இருந்தால் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துவிடாதா?

மிக நெருங்கும்போது எலக்ட்ரான் மேகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியத் தொடங்கும். இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்ற பௌலி விதி அதை அனுமதிக்காது. கடும் விலக்கம் எழும். ஈர்ப்பும் விலக்கமும் சமன்படும் தூரத்தில் மூலக்கூறுகள் நிற்கின்றன. அதிலிருந்து கிடைப்பதே வாண்டர் வால்ஸ் ஆரம். கார்பனுக்கு 1.7 ஆங்ஸ்ட்ராம், பிணைப்பில்லாத இரண்டு கார்பன்கள் சாதாரணமாக 3.4-க்குள் வர விரும்பாது. கிராஃபைட்டின் அடுக்குகள் 3.35 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் இருப்பதைக் கவனியுங்கள்.

இந்தச் "சாதாரண" எண்களை வைத்து சென்னையில் ஒரு பெரிய காரியம் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்துக்கு 1950-களின் நடுவில் மூன்றிழை அமைப்பை முன்வைத்தார்கள். சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் எதிர்த்தார்கள். அப்படியானால் அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? ராமச்சந்திரன் அன்று வெளிவந்திருந்த படிக அமைப்புகளைத் துழாவி, பிணைப்பில்லாத கார்பன்களுக்குச் சாதாரணமாக 3.2, மிஞ்சினால் 3.0 ஆங்ஸ்ட்ராம் என்று ஒவ்வோர் இணைக்கும் எல்லை வகுத்தார். பிறகு சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரனுடன் சேர்ந்து, புரதச் சங்கிலியை எந்தெந்தக் கோணங்களில் முறுக்கினால் அணுக்கள் மோதாமல் இருக்கும் என்று கணக்கிட்டார். 1963-இல் வெளியான அந்த வரைபடம்தான் ராமச்சந்திரன் வரைபடம். இன்றும் ஒரு புதிய புரத அமைப்பைச் சரிபார்ப்பவர்கள் முதலில் பார்ப்பவற்றில் அது ஒன்று.

தேர்வில் கொதிநிலை வரிசை கேட்டால் எப்படி யோசிப்பது?

முதலில் அயனிச் சேர்மம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உச்சியில். பிறகு ஹைட்ரஜன் பிணைப்பு, எத்தனை என்பதோடு. அதற்கடுத்து முனைவுத் தன்மைக்கு ஓடாமல், மூலக்கூறுகளின் அளவு ஏறக்குறைய ஒன்றா என்று கேளுங்கள். ஒன்றாக இருந்தால் மட்டுமே இருமுனை வேறுபாடு தீர்ப்புச் சொல்லும்: எத்தனால் 78, அதே வாய்பாடுள்ள டைமெத்தில் ஈதர் −25, அதே அளவுள்ள முனைவற்ற புரோப்பேன் −42. அளவு பெரிதும் வேறுபட்டால் லண்டன் விசையே வெல்லும். முனைவுள்ள குளோரோஃபார்ம் 61-இல் கொதிக்க, இருமுனையே இல்லாத கார்பன் டெட்ராகுளோரைடு 77 வரை தாங்குகிறது.

ஹீலியம் திரவமாகிறது சரி, உறையுமா?

வளிமண்டல அழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் உறையாது. ஹைக்கே காமர்லிங் ஓன்னஸ் 1908 ஜூலை 10 அன்று லெய்டனில் அதைத் திரவமாக்கினார். எவ்வளவு குளிர் வேண்டும் என்று அவருக்கு முன்கூட்டி வழிகாட்டியது வாண்டர் வால்ஸின் கோட்பாடுதான். ஆனால் திண்மமாக்கும் அவரது முயற்சி பலிக்கவில்லை. ஹீலியத்தில் ஈர்ப்பு மிகச் சிறிது. அணுவும் மிக இலேசு. தனிச்சுழி வெப்பநிலையிலும் குவாண்டம் விதிப்படி அணுக்களிடம் ஒரு மிச்ச அசைவு இருக்கும். அந்த அசைவே ஹீலியத்தின் ஈர்ப்பை மிஞ்சிவிடுகிறது. வெளியிலிருந்து 25 வளிமண்டல அளவுக்கு அழுத்தம் கொடுத்தால்தான் அது திண்மமாகும். 1926-இல் அதைச் செய்து காட்டியவர், மேலே இருமுனை விசைக்குப் பெயர் வந்த அதே கீசம்.